நீ சொல்லி முடிக்கும் வரை

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி, தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பக்கத்தில் இருப்பார், தம்பி தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். எழுதும்போது யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

வீட்டுச் செய்தி முதலில். தம்பிக்கு மீசை அரும்பியிருக்கிறது, அதை யாராவது கவனிக்கிறார்களா என்று நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கிறான். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார். எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே சார், வாசிக்க முடியலையே என்று ஒருவர் கேட்டதற்கு, வாசிக்க முடியலன்னா உள்ள வாங்க, அதுக்குத்தானே கடை வச்சிருக்கேன் என்றாராம். இதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார், எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. என் ஆய்வகத்தில் வேலை அதிகம். மழைக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் சரியில்லை என்று பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பார்த்தா தெளிவாத்தானே இருக்கு மேடம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்களேன் என்கிறார் மேலதிகாரி. பார்த்ததும் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

இனி அந்தச் சான்றிதழ் விஷயம். போன மாதம் பேசும்போது, ஆய்வை முடித்ததும் அங்கே பல்கலைக்கழகத்தில் உன் துறையில் பேராசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த அறையில் நின்று அதைப் பேசிக் காட்ட வேண்டும், டாக்டர் சான்றிதழ் இருந்தால் பேசாமல் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னாய். அதற்கு மேல் என்னவோ சொல்ல வாயெடுத்தாய், சொல் வரவில்லை. அதற்குள் அப்பா, புரியுதும்மா, நீ ஒண்ணும் கஷ்டப்பட வேணாம், நான் வாங்கி அனுப்பிடறேன் என்று முடித்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். மறுநாளிலிருந்தே டாக்டரிடம் நடந்து, இவருக்குப் பேச்சில் திக்கல் உண்டு, வாய்மொழித் தேர்விலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று போன வெள்ளிக்கிழமை எழுதி வாங்கி வந்துவிட்டார். உறையில் விலாசம்கூட எழுதியாகிவிட்டது. ஆய்வகத்துக்குப் போகிற வழியில் நான் அதைத் தபாலில் சேர்க்க வேண்டியது. சேர்க்கவில்லை, கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டாய் அல்லவா. ஒட்டடைக்குச்சி என்று நீ பேர் வைத்திருக்கும் அந்த உயரமான சிநேகிதியோடு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிவிட்டதாகச் சொல்லி, பஸ் வந்துடுச்சும்மா, வைக்கிறேன் என்றாய். ஆனால் வைக்கவில்லை. அப்படியே கோட்டுப் பையில் போட்டுவிட்டாய் போலிருக்கிறது. நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் வேறு யாரும் இல்லை. நானாவது வைத்திருக்க வேண்டும். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்காதவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. விரல் பொத்தான் வரை போனது. அப்போது நீ பஸ் ஓட்டுநருக்கு வணக்கம் சொல்வது கேட்டது, அவர் பதிலுக்கு ஏதோ கேட்க, நீயும் அந்த ஊர்ப் பாஷையிலேயே பதில் சொன்னாய். முன்பின் தெரியாத ஒருவரிடம் நீயாகப் பேச ஆரம்பித்து நான் கேட்டதே இல்லை. விரலை எடுத்துவிட்டேன்.

பிறகு அருங்காட்சியகத்தில் டிக்கெட் கேட்டாய். முதல் சொல்லிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது, அது எனக்குத் தெரிகிற ஓசை. இங்கே என்றால் நானோ அப்பாவோ உன் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டு வாங்கியிருப்போம். அங்கே கூட வந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா, நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள இவங்க பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடப் போறாங்கடி என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் பாஷை பேசுகிற பெண், இவ்வளவு இரக்கமில்லாமல் பேசுகிறாளே என்று நினைப்பதற்குள் நீ, பூ… பூ… பூட்டினா என்ன, நீதான் நெட்டையா இருக்கியே, ஜன்னல் வழியா இறங்கிக் க… கதவைத் திற என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, டிக்கெட்டையும் நீயே கேட்டு வாங்கினாய். பாப்பு, நம் வீட்டில் உன் திக்கலைப் பற்றி யாரும் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. தூங்குகிற குழந்தையைத் தாண்டி நடப்பதுபோல் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். அதை வைத்து ஒருத்தி கேலி செய்வாள், நீ பதிலுக்கு அவளை வாருவாய், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்று எனக்குத் தோன்றியதே கிடையாது.

அப்புறம் அங்கே வைத்திருந்த ஒரு கல்லின் முன்னால் நின்றீர்கள் போலிருக்கிறது. இதுல என்னடி இருக்கு, எங்க தெருவுல கொட்டி வச்சிருக்கற மாதிரி இருக்கு என்றாள் அவள். நீ, தொடலாம்னு எழுதியிருக்கு, தொட்டுப் பாரு, வரி வரியா இருக்கா என்று கேட்டாய். இங்கே ஒரு கடல் இருந்துது, ஆழமில்லாத கரை, தண்ணி மணல்ல போட்ட வரி இது, அடுத்த தண்ணி வந்து கலைக்கறதுக்குள்ள மேல சேறு மூடிடுச்சு, அந்தக் கடலும் போயிடுச்சு, அப்ப மனுஷங்களே கிடையாது, ஆனா அன்னிக்கு வந்த அந்த ஒரு, என்று சொல்லி நின்றுவிட்டாய். அலை என்ற சொல் வரவில்லை. ஓசையே இல்லை. வீட்டில் இப்படி ஆனால் நீ அந்தச் சொல்லைக் கைவிட்டு வேறு சுலபமான சொல்லுக்குத் தாவிவிடுவாய், இல்லாவிட்டால் நாங்கள் எடுத்துக் கொடுப்போம். அங்கே நீ தாவவில்லை. அந்தச் சொல்தான் வேண்டும் என்று நின்றாய். வாயாடியான அந்தப் பெண்ணும் மூச்சுக் காட்டவில்லை. நான் மட்டும் இங்கே ஒரு தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு, அலை, அலை என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அது வந்தது. அலை, என்றாய். அவள் மெதுவாக, அப்புறம் என்றாள். அவ்வளவுதான்.

நான் தண்ணீரோடு பிழைக்கிறவள். ஒரு கடல் வற்றி, மணல் கல்லாகி, யாரும் பார்த்திராத ஒரு சாதாரண நாளின் அலை இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது என்பதைக் கேட்டு எனக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதற்கு முன்னால் இருந்த அந்த அமைதி. எதற்கும் எளிதில் கை குவிக்காத எனக்கு, அப்போது கும்பிட வேண்டும்போல் இருந்தது. நான் பெற்று வளர்த்த பெண்தான், இருந்தும் இதுவரை பார்க்காத ஒருவரின் எதிரில் நிற்பதுபோல் இருந்தது. அந்த ஊர் அம்மாள் ஒருவர் வந்து ஏதோ கேட்டார், நீ முதலிலிருந்து அவர் பாஷையில் மறுபடியும் சொன்னாய், மறுபடியும் நின்றாய், அவரும் காத்திருந்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அதன் பிறகு ஒட்டடைக்குச்சி யாரோ ஒரு பையனைப் பற்றி ஆரம்பித்ததும் வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்டிருந்தால் நான் அம்மா இல்லை, போலீஸ்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சான்றிதழ் இன்னும் என் கைப்பையில் இருப்பதையும். கோபம் வந்துவிட்டது அவருக்கு. அத்தனை பேர் முன்னாடி நின்னு அவ திணறணுமா, உனக்கு எப்படி மனசு வருது என்றார். அவதான் சரின்னுட்டாளே என்றார். அவ எங்கங்க சொன்னா, நீங்கதானே சொன்னீங்க என்றேன். துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, அப்ப அவ அன்னிக்கு என்னதான் சொல்ல வந்தா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. உன் வாக்கியங்களை இத்தனை காலம் நாங்கள்தான் முடித்துக்கொண்டிருந்தோம், அவற்றில் எத்தனை நீ நினைத்த இடத்தில் போய் முடிந்தன என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

நீ அந்த அறையில் பேசித்தான் ஆக வேண்டும் என்று எழுதப் பேனா துடிக்கிறது. எழுதினால் இதையும் நானே முடித்ததாகிவிடும், அதனால் எழுதவில்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மறுநாளே அனுப்பிவிடுகிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டும் இல்லாத வேறு எதையோ சொல்ல வந்திருந்தாலும் சரி. இது கையில் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறேன். தம்பியை வெளியே அனுப்பிவிடுவேன். நான் வாயைத் திறந்தா தொடையில கிள்ளு என்று அப்பாவே சொல்லியிருக்கிறார், நான் நகம் வெட்டவில்லை.

உன் கால் போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். துறையில் முடிவு சொல்ல வேண்டிய கடைசி நாளைத் தவறவிட்டுவிடாதே. அதுவரை நாள் இருக்கிறது, நிதானமாக யோசி. அன்றைக்கு ஆரம்பித்த இடத்திலிருந்து சொல், எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா