இடையில் வந்து சேருகிற பாட்டு

அண்ணை,

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது மேசைவிரிப்புகளுக்கு அடியிலிருந்து அந்தத் தாள் வந்தது. கற்கண்டுத் துண்டுகளைக் கோட்டில் அடுக்கியதுபோல் சுரக்குறிகள், கீழே ஸ்பானியச் சொற்கள், மூலையில் எண்ணெய்க் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை காலத்துக்குப் பிறகு அதில் மணம் இருக்க நியாயமில்லை. எனக்கு மணத்தது.

அது உங்களுடைய கறை. பல்லரோச் சந்தையில் சுடச்சுடப் பனெல்லே வாங்கித் தின்றுகொண்டே வந்து, விரலைத் துடைக்காமல், நமக்குப் பாட்டுப் படிப்பித்த சினியோராவின் தாளைப் பிடித்தீர்கள். "இது எங்கடை கடலை வடைக்கு மச்சான் முறை, தங்கச்சி" என்று எனக்கும் ஒரு துண்டு நீட்டினீர்கள். சினியோரா முகத்தைச் சுளித்து, வேறு பிரதி எடுத்து, இதை எறிந்துவிடச் சொன்னார். எறிய எனக்கு மனம் வரவில்லை.

சினியோரா மூன்று நாளைக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டார். இறந்தவர்களின் திருநாளுக்கு மறுபடி பாடப்போகிறோம், சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை என்றார். உங்கள் குரலுக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்கிற மொரிசியஸ்காரராம். உங்கள் குரலுக்கு ஆளா? எனக்குக் கோபம் வந்தது. சினியோராவிலா, முகம் தெரியாத அந்த மனிதரிலா, இப்படி அவசரப்பட்டுப் போய்விட்ட உங்களிலா என்று தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். போவதா விடுவதா என்று இன்று காலைவரை முடிவெடுக்கவில்லை.

நம்மை அந்தப் பாட்டுக்குள் இழுத்துவிட்டது ஒரு பெரிய வெள்ளி. நம் ஆட்களின் வழிபாட்டில், யேசுவின் பாடுகளைச் சொல்லிப் புலம்பும் பசாமை நீங்கள் மன்னார் மெட்டில் பாடினீர்கள். நான் பின்பாட்டு. சினியோராவின் தாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் இருந்ததால் சினியோராவும் அன்றைக்கு வந்திருந்தார். இசைப் பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வழிபாடு முடிந்ததும் நம் இரண்டு பேரையும் வாசலிலேயே மறித்துக்கொண்டார். நானூறு வருடத்துக்கு முந்திய கையெழுத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்றின் படங்கள் தன்னிடம் இருப்பதாகவும், தானும் பல் வைத்தியரான தன் மைத்துனரும் பாடுவதாகவும், நடுவில் இரண்டு குரல் குறைவதாகவும் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தச் சிசிலியும் ஸ்பெயின் ராசாவின் கையில்தானாம். கோயில் பாட்டாக்கும் என்று நம்பித் தலையாட்டினோம்.

அர்த்தம் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆற்றங்கரையில் ஒருத்தி, வராமல் ஏமாற்றிய ஒருவன், அவள் கண்ணீர். "அப்பு உபதேசியார். நான் இஞ்சை நிண்டு காதல் பாட்டுப் பாடுறன். கேட்டாரெண்டால் பிரம்போடை வருவார்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அடுத்த கிழமை எல்லாருக்கும் முன்னதாக வந்து நின்றதும் நீங்கள்தான்.

நான்கு பேருக்கும் ஒரே தாள், அந்தப் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டின் படம். விரித்தால் இடப்பக்கம் மேலே சினியோராவின் வரி, கீழே உங்களது. வலப்பக்கம் மேலே என்னுடையது, கீழே பல் வைத்தியருடையது. அடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. காதால்தான் பிடிக்க வேண்டும். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்போம். நமக்குக் குறிகளை வாசிக்கவும் தெரியாது. சினியோரா பாடிக் காட்டியதை மனப்பாடம் பண்ணி, ஏறுகிற இடம் இறங்குகிற இடத்துக்கு மட்டும் தாளைப் பார்ப்போம்.

முதல் நாள் நீங்கள் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சினியோரா தொடங்கிப் பாதி வரி போனதும் நீங்கள் சேர வேண்டும். நீங்களோ கையைக் கட்டிக்கொண்டு, அவர் முழுவதையும் பாடி முடிக்கும்வரை நின்று, பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். நம் பசாமில் ஒருவர் வரியை முடித்த பிறகுதானே மற்றவர் எடுப்பது? எத்தனை முறை தொடங்கினாலும் இதே கதை. என்ன பிரச்சினை என்று சினியோரா கேட்டார். ஒருவர் பாடி முடிக்க முன்னம் வாய் திறப்பது மரியாதை இல்லை என்று உங்கள் உடைந்த இத்தாலியனில் விளக்கினீர்கள். இங்கே இடையில் வந்து சேர்வதுதான் மரியாதை, இல்லாவிட்டால் முதலில் பாடியவள் தனித்துப்போவாள் என்றார் அவர். உங்களுக்கு அது ஏறவில்லை.

திரும்பி வரும்போது பல்லரோவுக்குள்ளால் நடந்தோம். நடுச் சந்தையில் சட்டென்று நின்றீர்கள்.

"பிள்ளை, மீன்காரன் கூவி முடியுமட்டும் தக்காளிக்காரன் பாத்துக்கொண்டே நிக்கிறான்? ரெண்டும் சேந்துதானே சந்தை!"

அடுத்த சனிக்கிழமை நீங்கள் சரியான இடத்தில் வந்து சேர்ந்தீர்கள். உங்கள் குரல் எழும்பிப் பாதியில் நிற்கும்போது அதன் தோளில் கை வைத்து நான் ஏறுவேன். அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழி நீங்கள்தான், அண்ணை. அதனால்தான் போகப் பயந்தேன். வேறொருவரின் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினால் உங்களை விட்டுவிட்டதாகிவிடும் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உங்களுக்கு மூச்சே பெரும் பாடு. அப்படியும் பாட்டைத்தான் விசாரித்தீர்கள். நீங்கள் இல்லாமல் யார் பாடுவது, விட்டுவிட்டோம் என்றேன். "விசர்க் கதை கதையாதை" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் அழுதேன்.

கறை பட்ட தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இன்று பின்னேரம் சீசாப் பகுதித் தரிப்பில் பஸ் ஏறினேன். மொரிசியஸ்காரர் உங்கள் இடத்தில் நின்றார். நல்ல மனிதர். தமிழில் வணக்கம் மட்டும் தெரியும். சினியோரா தொடங்கினார். மொரிசியஸ்காரர் பிழையில்லாமல் இடையில் வந்து சேர்ந்தார். குரல் வேறு, வரி உங்களுடையது. அது எழும்பியது, பாதியில் நின்றது, நான் ஏற வேண்டிய இடம் வந்தது. என் வாய் திறக்கவில்லை. அந்த வரி முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பாட்டு நின்றது. என்ன நடந்தது என்று சினியோரா கேட்டார்.

"மரியாதை, சினியோரா" என்றேன்.

அந்தச் சொல்லை அவருக்கு முதலில் சொன்னது யார் என்று அவர் மறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை நீங்கள் முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை, அண்ணை. இடையிலேயே வந்து சேர்ந்தேன்.