கறிக்கடைக் கட்டை

அண்ணா,

கறிக்கடையில் கழித்துப் போட்ட வெட்டுக்கட்டையை நீ சமையலறைக்குள் கொண்டுவந்து முப்பத்தொன்பது மணி நேரம் ஆகிறது. நான் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

"இருபது வருஷம் காஞ்ச மரம், கிட்டார் செய்ய இதைவிட நல்லது கிடைக்குமா?" என்கிறாய். கத்தி பட்ட கோட்டில் ஊசியை விட்டுப் பார்த்தேன். நுனியில் மஞ்சளாகக் கொழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கொழுப்பு ஊறிய மரத்தில் பசையும் பிடிக்காது, வார்னிஷும் பிடிக்காது. நீ எலுமிச்சை தேய்த்துக் கழுவிய பிறகும் ஈ விலகவில்லை. "மேலே இழைச்சா எல்லாம் போயிடும், சும்மா மூக்கைப் பிடிக்காதே" என்று சிரித்துக்கொண்டே அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சாப்பாட்டை என் அறையில் மூடி வைத்திருக்கிறேன். அங்கேயே சாப்பிடு.

நாலு மணிக்குத் தச்சர் அறுக்க வருவார். கட்டையை அவரிடம் கொடுத்துவிடாதே. என் கட்டிலுக்கடியில் ஒரு தேக்குப் பலகை இருக்கிறது, அதைக் கொடு. மரக்கடையில் ஒவ்வொரு பலகையாகத் தட்டி, நாதம் கேட்டு எடுத்தேன். கடைக்காரர், "என்னம்மா, உள்ளே யாராவது இருக்காங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் மீதியையும் தட்டினேன்.

பின்கதவுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல். கட்டையை அந்த வழியாகவே வெளியே கொண்டுபோ.

இன்னொன்று. கிட்டார் யாருக்கு என்று கேட்டால், "ஒரு ஃபிரண்டுக்கு" என்கிறாய். அதை வயிற்றோடு அணைத்து வாசிக்கப் போவது நான்தான். அம்மா போன வாரமே போனில் உளறிவிட்டாள்.