மாதாவின் கன்னம்

சான் லூபோ,
மார்ச் 12, 1971

அன்புள்ள எல்வியோ,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஜெர்மனியில் இன்னும் பனி விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பாதாம் பூத்துவிட்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கூரை ஓடுகளை மாற்றியாயிற்று.

நீ கேட்டிருந்ததற்கு வருகிறேன். கோயில் சுவரில் இருக்கும் மாதாவை நேர் எதிரே விளக்கு வைத்துப் படம் எடுத்துவிடு, யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதியிருந்தாய். நான் அப்படி எடுக்கவில்லை.

நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவரோவியம் எப்படி இருக்கிறது என்று நகரத்துக் கலைப்பொருள் அலுவலகம் என்னிடம் எடுக்கச் சொன்ன படங்களை வைத்துத்தான் முடிவு செய்யும். சுவர் உறுதி என்றால் மாதா நம் கோயிலிலேயே இருப்பாள். இல்லையென்றால் சுவரிலிருந்து உரித்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவார்கள். திரும்பி வரமாட்டாள். இது ஊருக்கே தெரியும். நேர் வெளிச்சத்தில் பூச்சின் வீக்கம் எதுவும் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும் என்பதும் எப்படியோ தெரிந்துவிட்டது.

காபிக்கடை ஒரேஸ்தே கோப்பையை நகர்த்தியபடியே சொன்னார்: “கல்யாணப் பொண்ண எடுக்குற மாதிரி எடும்மா. எக்ஸ்ரே எடுக்காத.” மாதாவைப் பார்க்க ஞாயிறன்று பேருந்தில் வருபவர்கள் அவர் கடையில்தான் சாப்பிடுகிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. உன்னைச் சுமந்த ஒன்பது மாதமும் அந்தச் சுவர் முன்னால் நின்றவள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை ரொட்டியோடு கோயிலுக்கு வந்தாள். நான் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தேன். “வெளியூர்க்காரின்னு காட்டிட்டியே. ஒங்க ஊரு மாதாவா இருந்தா இப்படி ஓரத்துல நின்னு குத்தம் பாப்பியா?” என்றாள்.

ஆறு வருடமாக இந்த வீட்டில் மருமகளாக இருக்கிறேன். ஏனென்று தெரியாமல், சுவரைத் தட்டிப் பாருங்கள் என்றேன்.

நிலவறையில் பாலாடைக்கட்டி வட்டுகளை அவள் எப்படித் தட்டுவாள் என்று உனக்குத் தெரியும். மடக்கிய விரல். சாய்த்த காது. உள்ளே கெட்டதை வெட்டாமலே சொல்லிவிடுவாள். அப்படித்தான் தட்டினாள். தூண் ஓரம், கெட்டி. நீல அங்கி, கெட்டி. குழந்தையின் கை, உள்ளே காலி, பொள்ளல். மாதாவின் கன்னம், பொள்ளல். மறுபடி தட்டினாள், இன்னும் மெதுவாக. சுண்ணாம்புத் துகள் அவள் மணிக்கட்டில் விழுந்தது.

“இவ்வளவு நாளா எப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தா” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு விளக்கை எடுத்து, சுவரை ஒட்டி, அவளே பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் கன்னம் வெந்த ரொட்டியின் மேல்தோல்போல எழும்பியது. விளக்கு அசைந்ததில் மூன்று படங்கள் வீணாயின. நான்காவதைத்தான் அனுப்பினேன்.

கிளம்பும்போது சொன்னாள்: “வெளக்கு நான் புடிச்சேன்னு எவகிட்டயும் மூச்சு விடாத. நான் இந்த ஊர்லதான் சாகணும்.”

விடவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஒரேஸ்தே இப்போது காபி கொடுக்கிறார், பேச்சுக் கொடுப்பதில்லை. துணி துவைக்கும் தொட்டியில் பெண்கள் எனக்கு இடம் விடுகிறார்கள், தேவைக்கு அதிகமாகவே. தெருவில் அம்மாவும் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் என் தட்டில் ஒரு கரண்டி சூப் கூடுதலாக ஊற்றுகிறாள். இது எனக்குப் போதும் என்று எழுத நினைத்தேன். சில நாட்கள் போதுகிறது.

அலுவலகம் முடிவெடுத்துவிட்டது. மே இரண்டாம் வாரம் ஆட்கள் வருகிறார்கள். மாதாவின் முகத்தின் மேல் துணி ஒட்டித்தான் உரிப்பார்களாம். அன்று ஊர் முழுவதும் கோயில் வாசலில் நிற்கும், அம்மாவும். நான் கேமராவோடு உள்ளே.

உன் விடுமுறை ஆகஸ்டில் என்று தெரியும். மே மாதத்துக்கு மாற்ற முடியுமா, கேட்டுப் பார். நான் செய்தது சரி என்று நீ யாரிடமும் வாதாட வேண்டாம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நில். வேலை முடிந்ததும் நான் வெளியே வருவேன். அப்போது, எல்லோர் முன்னாலும், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

அன்புடன்,
நோயெமி