அப்பா ஊறப்போட்ட பட்டாணி

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் மூன்றாவது மாடி ஏறும்போது கொஞ்சம் முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்வார். மூன்று மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டோம். நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் நாங்கள் சமையலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பேசினோமே, உன் அறை உன் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான். பயப்படாதே, புத்தகமெல்லாம் பத்திரம். கட்டில் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

நடந்தது இதுதான். ஏழு வருடமாக நான் கலப்புச் செய்துகொண்டிருக்கும் பட்டாணி உனக்குத் தெரியும், இலைக்குப் பதில் பற்றுக்கம்பியாக விட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்குமே, அதில் வெயிலுக்குப் பூ உதிராத குணத்தையும் கொண்டுவரப் பார்த்தேன். இந்த முறை கையில் கிடைத்த விதை மொத்தம் அறுபத்தொன்றுதான். ஆராய்ச்சி நிலையத்தின் குளிரறை இயந்திரம் நின்றுபோய் மற்ற பொட்டலங்கள் பூசணம் பிடிக்கத் தொடங்கியதும், யாரிடமும் கேட்காமல் இந்த அறுபத்தொன்றையும் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுவந்து வைத்தேன். அப்பாவிடம் சொல்ல மறந்தேன். அது என் தப்பு. அவருக்கு அன்று காலை ஷிப்ட் மட்டும், பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு மத்தியானமே வந்தவர், ஒரு வாரமாக வாடிய முகத்தோடு வருகிறாளே, இன்றைக்கு நாமே சமைத்து வைப்போம் என்று நல்ல மனதோடு டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டிவிட்டார். நான் சாயங்காலம் வரும்போது பட்டாணி உப்பிப்போய்க் கிண்ணத்தில் கிடக்கிறது, பக்கத்தில் குக்கர், அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் நான் குரலை உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை. "ஏங்க, அடுப்பைத் தொடாதீங்க" என்று கத்தினேன், கேஸ் கசிகிறதாக்கும் என்று நினைத்து அவர் என்னையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஊறியிருக்கிறதா என்று பார்க்க இரண்டை நசுக்கியிருந்தார், ஒன்றை வாயிலும் போட்டுப் பார்த்தாராம். அதிலும் பாதிதான் தின்றேன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

ஊறிய விதையைத் திரும்பக் காயவைத்து எடுத்துவைக்க முடியாது, ஓரிரு நாளில் வேர் எட்டிப் பார்த்துவிடும், அப்புறம் காயவிட்டால் செத்துப்போகும். விதைத்தே ஆகவேண்டும், அதுவும் கோடையில், பட்டாணிக்கு ஆகவே ஆகாத பருவத்தில். இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள அறை உன்னுடையது ஒன்றுதான். அப்பா டெப்போவில் கிடந்த காலி பிளாஸ்டிக் கேன்களைக் கழுவி, பாதியாக அறுத்து, இரண்டே நடையில் கொண்டுவந்து சேர்த்தார். ஐம்பத்தெட்டு விதை நட்டோம். அவருடைய கண்டக்டர் தினமும், "என்னண்ணே, பட்டாணிக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சாச்சா, யாரும் ஃபுட்போர்டுல தொங்கலையே" என்று கேட்பாராம். அப்பாவும் சளைக்காமல் எல்லாம் சீட்டில் உட்கார்ந்துதான் வருகிறது என்பாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறைத் தலைவரிடம் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், இத்தனை வருடம் ஆகியும் ஒரு சோதனைக்குழாய் உடைந்தால்கூட, இவளுக்கெல்லாம் எதற்கு இந்த வேலை என்று யாரோ சொல்லக் காத்திருப்பதுபோல் இருக்கும். நானே வந்து சொல்கிறேன், பசித்தது, ஊறப்போட்டேன், அவ்வளவுதானே என்றார் அப்பா. வேண்டாம் என்று தனியாகப் போய், தலைவரின் மேஜையிலிருந்த காகித எடைக்கல்லைப் பார்த்தபடியே முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்தார், சிரிப்பை மறைக்கத்தான் என்று வெளியே வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. நிமிர்ந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "எத்தனை முளைச்சிருக்கு?" ஐம்பத்தைந்து என்றேன். "வெயிலுக்கு நிக்கற செடிதானம்மா நாம கேட்டோம். நிக்குதான்னு பாத்துடலாம். ஆனா கேக்காம விதையை வெளியே எடுத்தது தப்பு, அதை எழுதிக் குடுத்துடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். சோதனை நடக்கும் இடம் என்ற கட்டத்தில் 'மகளின் அறை' என்று போட்டிருக்கிறேன், உனக்கு ஆட்சேபம் இருந்தால் அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

அப்பா காலையில் பல் தேய்க்கும் முன் அங்கேதான் போவார். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, செடியின் நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத அந்த இடத்தில்தான் அடுத்து வருவது பற்றுக்கம்பியா பூவா என்று முடிவாகிறது என்று காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதுக்கு யாரு சொல்றா?" என்று கேட்டார். அதைத்தான் நானும் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். நீ அனுப்பச் சொன்ன சாம்பல்நிற ஸ்வெட்டர் வரத் தாமதமானதற்குக் காரணமும் இதுதான், அலமாரிக் கைப்பிடியைப் பன்னிரண்டாம் நம்பர் செடி சுற்றிப் பிடித்திருந்தது, அதைப் பிரிக்க அப்பா சம்மதிக்கவில்லை. பூத்தபோது அறையில் முப்பத்தாறு டிகிரி. மூன்றாம் நாளிலிருந்து உதிர ஆரம்பித்தது. அப்பா வேலையிலிருந்து வந்ததும் தரையில் கிடக்கும் பூக்களைப் பொறுக்கி எண்ணுவார், எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். நாற்பத்தொரு செடி அப்படியே கைவிட்டுவிட்டது. பதினான்கில் பூ நின்றது, அவற்றில் பிஞ்சும் விட்டது. இப்போது காய்கள் நெற்றாகிக்கொண்டிருக்கின்றன, விதை முற்றியிருக்கிறதா வெறும் தோலா என்று உரித்தால்தான் தெரியும். உரித்துப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

ஐந்து நாள் கழித்துத் தொடர்கிறேன், பேனா மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். நேற்று அறுத்தோம். அப்பா எதையும் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான்தான் பிடிவாதமாக முதல் நெற்றை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே ஆறு விதை, உருண்டையாக, கெட்டியாக. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தேறியது. வயலில் இரண்டு கோடை வைத்துப் பார்க்கவேண்டியதன் முதல் சுற்று உன் அறையிலேயே முடிந்துவிட்டது என்கிறார் தலைவர். இன்னும் வயலில் நிரூபிக்க வேண்டும், அதனால் நான் அதிகம் துள்ளவில்லை. அப்பாதான் துள்ளுகிறார், முழங்காலை மறந்து.

இன்னொன்று, நீ வருத்தப்படுவாய் என்று இதுவரை எழுதியதில்லை. நீ ஊருக்குக் கிளம்பிய நாளிலிருந்து இந்தப் பட்டாணி வரும்வரை உன் அறைக்கதவை அப்பா சாத்தியே வைத்திருந்தார், பெருக்க வேண்டுமென்றாலும் நான்தான் போவேன். நேற்று கேன்களையெல்லாம் இறக்கி, தரையைக் கழுவி, கட்டிலைப் பழையபடி போட்டோம். நான் பழக்கத்தில் கதவை இழுத்தேன். திறந்தே இருக்கட்டும், காற்று வரும் என்றார்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பும் மனமும் தெம்பாக, நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும் கண்ணு. லீவுக்கு எந்தத் தேதியில் வருகிறாய் என்று மறக்காமல் எழுது, அப்பா அன்றைக்கு ஷிப்ட் மாற்றச் சொல்லவேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா