நான் நிறுத்தாத மோட்டார்

“உன் மோட்டாரு ஓடுற நாள்லதான் என் கெணறு எறங்குது. இன்னா சமாச்சாரம் டீச்சரம்மா?”

ஒரு கோடையில் வேலியோரம் நின்று நீங்கள் கேட்டது, அக்கா. அன்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள், நேற்று உங்கள் கிணற்றடியில் படி எண்ணிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை என் போர் மோட்டார் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் ஒரே கருகல் நாற்றம். மெக்கானிக் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தார். என்னிடம் தண்ணீர் நிரப்பிப் போகும் லாரியும் வரவில்லை. நேற்று உங்கள் மகன் மூர்த்தி கூப்பிட்டான். உங்கள் நிலத்தில் ஆழமாக போர் போட ஏற்பாடு செய்திருந்தான். மறுநாள் போர் போடும் வண்டி என் கேட் வழியாகத்தான் போக வேண்டும். வழி பார்க்க அவனோடு உங்கள் நிலத்துக்குப் போன நான், பழக்கதோஷத்தில் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

ஞாயிறன்று கீரை வாங்கப் போனபோது தண்ணீருக்கு மேலே பதினோரு படிகள் தெரிந்தன. நேற்று ஏழுதான்; நாலு படி தண்ணீர் ஏறியிருந்தது. நடுவில் மழை ஒரு சொட்டு இல்லை. திரும்பத் திரும்ப எண்ணினேன். ஏழேதான்.

“இன்னா டீச்சர், எட்டிப் பாத்துகினே கீறீங்க? வுழுந்தா நான்தான் எறங்கணும்” என்றான் மூர்த்தி. பிறகு அவனும் பார்த்து, “அட, ஊத்து தொறந்துகிச்சா!” என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட அன்று நான் கொடுத்த விளக்கம் நினைவிருக்கிறதா? வகுப்பில் எதற்கெடுத்தாலும் உதாரணம் சொல்லிப் பழகிய வாய். “உங்க கிணறு மேல் ஊத்து. என் போர் பாறைக்குள்ள, ரொம்பக் கீழே. மாடி வீடும் கீழ் வீடும் மாதிரி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல” என்றேன்.

“மாடியில தண்ணி நின்னா கீழ் வூட்டுக்கு ஒழுகாதாமா?” என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். “ரெண்டே நாள் நிறுத்து. நான் படி எண்ணிச் சொல்றேன்.”

நிறுத்தவில்லை. முடிச்சூர் ஃப்ளாட்டுகளுக்குத் தண்ணீர் போகிறது, குழந்தைகள் குளிக்க வேண்டாமா என்றேன். அந்தக் கோடைக்குப் பிறகு தினமும் மூன்று லாரி நிரம்பியது. நீங்கள் நெல்லை விட்டுக் கீரைக்கு வந்தீர்கள். பிறகு கீரையிலும் பாதிப் பாத்திகள் காய்ந்தன. அதையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘செய்து பார்க்காமல் எதையும் நம்பாதே’ என்று முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். ஒரு சுவிட்சை அணைத்திருந்தால் நீங்கள் உயிரோடு இருந்தபோதே தெரிந்திருக்கும்.

“ஊத்து இல்லப்பா. என் மோட்டார் திங்கள்லேர்ந்து ஓடல” என்றேன்.

மூர்த்தி மறுபடி கிணற்றை எட்டிப் பார்த்தான். “அப்போ எங்கம்மா சொன்னது?”

“சரிதான். நான்தான் கேட்கல.”

“நாளைக்கு வண்டி வரட்டும் டீச்சர். உங்க போருக்கும் கீழ எறக்கிடறேன்.”

அவன் கோபம் நியாயம். ஆனால் அவன் இறக்கினால் நான் இன்னும் இறக்குவேன். கடைசியில் இரண்டு குழாயிலும் பாறைத்தூள்தான் வரும். அதைச் சொன்னேன்.

“இப்போ நல்லாத்தான் பேசுவீங்க. மோட்டார் ரெடியானா லாரிக்காரன் வந்து ஹாரன் அடிப்பான். அப்போ பாக்கணும்.”

அங்கேயே நின்று லாரிக்காரருக்கு போன் போட்டேன். இனி வர வேண்டாம் என்றேன். “இன்னா டீச்சர் பேஜார் பண்றீங்க, ஃப்ளாட்காரங்களுக்கு நான் இன்னா சொல்றது?” என்றார். பக்கத்துக் கிணறு வற்றுகிறது என்று சொல்லச் சொன்னேன். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. அதுவும் உறுத்துகிறது.

மூர்த்தி போர் வண்டியை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறான். ரத்து செய்யவில்லை. என்னை நம்ப அவனுக்கு ஒரு மாதம் வேண்டும். என் மோட்டார் இனி வீட்டுத் தேவைக்கு மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம் ஓடும். தினமும் காலையில் நானும் அவனும் சேர்ந்து படி எண்ணுவது என்று பேசியிருக்கிறோம். இன்று ஆறு.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. நீங்கள் விட்டுப்போன கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: உங்கள் வீட்டில் போர் இருந்தால், இரண்டு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள்.