சனிக்கிழமை முகம்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடை வேலையில் ஒரு கஷ்டம், வருகிறவர்கள் எல்லாரும் ஒரு சாண் தூரத்தில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இன்று ஓர் அம்மாளுக்குக் கறுப்பு ஃபிரேமை மாட்டி, காதோரம் சரிசெய்யக் குனிந்தேன். அதன் மேல் வெள்ளையாக ஒரு துணுக்கு விழுந்தது. தூசி என்று நினைத்து ஊதிவிட்டார். தூசி இல்லை, என் தோல்.

காலையில் ஃபவுண்டேஷன் ஒழுங்காகத்தான் உட்காருகிறது. மதியத்துக்குள் மூக்கின் இரு பக்கமும் எண்ணெய் வழிகிறது; அதே இடத்தில் தோலும் செதில் செதிலாக எழும்புகிறது. வழியவும் வழிந்து, காயவும் காயுமா ஒரு முகம்? எண்ணெய்க்குப் பவுடர் போட்டால் செதிலைத் தூக்கிக் காட்டுகிறது. செதிலுக்குக் கிரீம் போட்டால் எண்ணெய்ச் சட்டி மாதிரி மின்னுகிறது.

மார்ச் 7, வெள்ளி

நாளை என் மகள் சுண்டெலியைப் பார்க்கும் நாள். புது ஸ்க்ரப் வாங்கித் தேய் தேய் என்று தேய்த்தேன். எரிகிறது.

மார்ச் 8, சனி

அவள் அப்பா வழக்கம்போல் அவளைக் காரில் கொண்டுவந்து பூங்கா வாசலில் விட்டார். பிரிந்தபோது எனக்கு வேலையும் இல்லை, சரியான வீடும் இல்லை. மகள் அவரிடம் என்று முடிவானது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை எனக்கு. அந்த ஒரு நாளாவது நான் நன்றாக இருப்பதாகத் தெரிய வேண்டும். மகளுக்கு, அவருக்கு, முன் சீட்டில் இருக்கும் அவருடைய புது மனைவிக்கு. அதற்குத்தான் இத்தனை பூச்சும்.

ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்த சுண்டெலி என் கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, உன் மூஞ்சி உரியுது.” நகத்தால் ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினாள். “பல்லி வால் மாதிரி புதுசா வளருமா?”

ஒன்பது வயதுக்கு இந்த வாய். சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்ப் பவுடர் போட்டேன். இன்னும் மோசமானது.

மார்ச் 22, சனி

இன்று அவர் வரவில்லை. அந்தப் பெண்தான் காரை ஓட்டி வந்தாள். சுண்டெலி ஓடிப்போனதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது வெறும் வறட்சி மாதிரி தெரியல. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான், தேய்க்கத் தேய்க்க ஜாஸ்தியாச்சு. ஒரு தோல் டாக்டரைப் பாருங்களேன்.”

“சரி” என்றேன்.

எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்? வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசியிருப்பார்களோ? பேசட்டும். உனக்கு என்னடி வந்துச்சு என் மூஞ்சியைப் பத்தி? என் புருஷன், என் பொண்ணு, இப்ப இதுவுமா —

மார்ச் 23, ஞாயிறு

சுண்டெலி அவளைச் சித்தி என்கிறாள். முறைப்படி சித்தி என்றால் அம்மாவின் தங்கை. என்னைக் கேட்காமலே எனக்கு ஒரு தங்கை.

மார்ச் 27, வியாழன்

போனேன். வேறு வழியில்லாமல்.

“தலையில வர்ற பொடுகுதான் உங்களுக்கு முகத்துல வந்திருக்கு” என்றார் டாக்டர். எண்ணெய் இருக்கிற இடத்தில்தான் வருமாம். ஸ்க்ரப்பைத் தூக்கிப் போடச் சொன்னார். ஒரு களிம்பு. ஆறும்வரை மேக்கப் கூடாது.

“மனசுல கவலை இருந்தா கூடும். ஏதாவது கவலை இருக்கா?”

இல்லை என்றேன்.

ஏப்ரல் 5, சனி

டாக்டர் சொன்னதை மீறி இன்றும் பூசிக்கொண்டு போனேன். அவர் காரை விட்டு இறங்கி வந்தார்.

வெளிநாட்டுக்கு மாற்றல். மூன்று வருடம், நீளலாம். “அவளையும் கூட்டிட்டுப் போகணும்னா நீ சம்மதம் எழுதித் தரணும்.”

சுண்டெலியிடம் கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அங்க ஸ்கூல்லயே நீச்சல் குளம் இருக்காம்.” பிறகு, “நீ அழுவியா?”

“இல்லடா.”

“அப்ப சரி.”

ஏப்ரல் 11, வெள்ளி

முடியாது என்று சொல்லலாம். உரிமை இருக்கிறது. சொன்னால்? இந்த ஒற்றை அறையில், மாடிப்படிக்குக் கீழே அடுப்பை வைத்துக்கொண்டு, என்மேல் கோபமாக இருக்கும் ஒரு பெண்ணை வளர்க்க வேண்டும். கடை மூடும்வரை அவளை யாரிடம் விடுவேன்? வைத்துக்கொள்ள வழியில்லாதவள் போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் சொல்லணும் போல இருக்கு. போகாதடீன்னு கத்தணும் போல இருக்கு.

களிம்பு முகத்தில் நிற்கவில்லை. பூசப் பூசக் கண்ணீரோடு போகிறது.

ஏப்ரல் 16, புதன்

கையெழுத்துப் போட்டேன்.

மே 3, சனி

கடைசி சனிக்கிழமை. ஒன்றும் பூசாமல் போனேன். மூக்கோரம் இன்னும் சிவப்பாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

“இதுதான் உன் நிஜ மூஞ்சியா?”

“ஏன், நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு.” கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “உப்புக் கரிக்குது. அழ மாட்டேன்னு சொன்னே.”

“வேர்வைடா.”

நம்பினாளா, நம்பியது மாதிரி நடித்தாளா தெரியவில்லை.

கார் பக்கத்தில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் பாத்துக்கறேன்க்கா.” அவளுக்கே கண் கலங்கியிருந்தது. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்: “குளிச்சா காதுக்குப் பின்னாடி துடைக்க மாட்டா. நீதான் துடைச்சு விடணும்.”

மே 17, சனி

கடையிலேயே இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என்ன செய்ய?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முகம் ஆறிவிட்டது. இரண்டு மாதமாக ஒரு செதில் இல்லை. விட்டது என்று நினைக்க வேண்டாம், திரும்ப வரும், களிம்பைக் கைவசம் வைத்திருங்கள் என்கிறார் டாக்டர்.

இன்று வீடியோவில் பேசினோம். சுண்டெலிக்கு முன்பல் ஒன்று நேராகி, முகம் நீண்டிருக்கிறது. “அம்மா, உன் மூஞ்சி பளபளன்னு இருக்கு!” என்றாள். பெரிய மனுஷி மாதிரி மெச்சினாள். நீச்சலில் தலைகீழாகக் குதிப்பதைப் பற்றிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே குதிக்கும் விதத்தை வரைந்து காட்ட எதையோ தேடினாள். கிடைக்கவில்லை. திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினாள்:

“அம்மா, என் பென்சில் எங்க?”

சட்டென்று நின்றாள். என்னைப் பார்த்தாள்.

“சித்தியக் கேட்டேன்” என்றாள்.

“தெரியும்டா.”

பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம். ஒரு கை மட்டும் தெரிந்தது.

“பென்சில் கெடச்சுதா?” என்று கேட்டேன்.

கிடைத்துவிட்டது என்றாள்.