வலதுபக்க ஸ்டியரிங்

டில்லிங்ஹாம்,
ஆகஸ்ட், ஓயாத மழை.

கெராசிமுக்கு,

பெலகேயா எழுதுவது. நானும் லுகேரியாவும் என் அக்கா அனுஸ்கா வீட்டில் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. விமானத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதத் தெம்பிருக்கிறவன் நலமாகத்தான் இருப்பான். அந்த நாலு பக்கத்தில், பெற்ற மகளின் தோள்பட்டை எலும்பு கூடிவிட்டதா என்று ஒரு வரி உண்டா? கூடிவிட்டது. கட்டையும் அவிழ்த்தாயிற்று. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கத்தான் இன்னும் வரவில்லை. பதினொரு வயதுப் பெண்ணுக்கு நான்தான் தலை பின்னிவிடுகிறேன்.

போனில் பேசியிருக்கலாம். நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

மொன்டானாவில் இரண்டு பழைய விமானங்களைப் பார்த்து வைத்திருக்கிறாய், என்னைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டாயாம். அடேயப்பா, என்ன மரியாதை! கேள்வியையும் கேட்டு, பதிலையும் நீயே எழுதியிருக்கிறாயே. அந்த மஞ்சள் நிற இரண்டு இருக்கை விமானம்தான் வேண்டுமாம். ‘இது விமானமே இல்ல பெலகேயா, கொசு. எங்க வேணா உக்காரும், எங்கேந்து வேணா கிளம்பும்’ என்று எழுதியிருக்கிறாய். கொசு உட்கார்ந்தால் நம் ஆற்றங்கரையில் என்ன செய்வோம் என்று மறந்துவிட்டதா?

அதில் பின் இருக்கையே இல்லை. எடையைக் குறைக்க விற்கிறவன் கழற்றிவிட்டானாம். அந்த இடத்தில் கேன்வாஸ் துணியைக் கட்டி லுகேரியாவை உட்கார வைக்கலாம் என்று யோசனை வேறு. என் மகள் என்ன உப்புப் போட்ட மீனா, துணியில் கட்டித் தொங்கவிட? அவளையாவது தொங்கவிடுகிறாய். நான் எங்கே உட்காருவது? இறக்கை மேலா?

பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது என்று சந்தோஷப்படாதே. ஒருமுறை கவிழ்ந்த விமானத்துக்குத்தான் அப்படிப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். நம்முடையதை விற்கும்போது நீ அடிக்கவில்லையா?

உன் கடிதத்தைச் சத்தம் போட்டு வாசித்தேன். லுகேரியா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், ‘அப்பா ஓட்டினா நான் ஏறமாட்டேம்மா. நீங்க வேணா போங்க, நான் பெரியம்மாவோட இருந்துக்கறேன்’ என்றாள். அழவில்லை. தின்பண்டத்துக்கு மீன் கொழுப்பும் பழமும் கலந்து பிசைந்துகொண்டே சொன்னாள். நம் வீட்டுக்குக் குளிர்காலத்தில் விமானத்தை விட்டால் வழி கிடையாது. அவள் ஏறவில்லை என்றால் நானும் வரமாட்டேன். நீ எதை வாங்குகிறாயோ அதைப் பொறுத்துத்தான் நமக்கு இனிக் குடும்பம் உண்டா இல்லையா என்பது. இதைப் பயமுறுத்தல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

அன்றைக்கு நடந்ததை நீ ஊரெல்லாம் ‘மணல் ஏமாத்திருச்சு’ என்று சொல்லித் திரிந்தாயாம். மணல் என்னடா செய்யும்? ஆற்று மணலில் இறங்குகிற எவனும் முதலில் சக்கரத்தை லேசாக உரசிவிட்டு மேலே ஏறுவான். ஒரு வட்டமடித்து வந்து, போட்ட தடத்தைக் குனிந்து பார்ப்பான். தடத்தில் தண்ணீர் ஊறிக் கறுத்திருந்தால் வேறு இடம் தேடிப் போவான். நீயும் ஆயிரம் தடவை செய்தவன்தான். அன்றைக்கு ஆற்றங்கரை மீன்பிடி முகாமில் உன் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். உனக்குப் பெரிய புது டயர் வேறு. ‘தடத்தப் பாரு கெராசிம்’ என்று நான் கத்தினேன். ‘இந்த டயருக்கு எதுக்குடி தடம்? சேத்துலயும் நிக்கும், பாரு’ என்றாய். பார்த்தோம். மூக்கு மணலில் குத்தி, மூன்று பேரும் தலைகீழாகத் தொங்கினோம்.

உன்னை நான் மன்னிக்காதது அதற்காகக்கூட இல்லை. தரை நெருங்கியபோது என் கை தானாக முன்னால் போயிற்று, இழுத்து மேலே ஏற்றலாமென்று. பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. அந்த வசந்தத்தில்தான் எடை குறைக்கிறேன் என்று என் பக்கமிருந்த இரண்டாவது ஸ்டியரிங்கைக் கழற்றி ஷெட்டில் போட்டிருந்தாய். என் எதிரே ஒரு ஓட்டைதான் இருந்தது. பின்னால் லுகேரியா ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். நான் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை பவுண்டு எடையை மிச்சம் பிடித்தாய்?

இப்போது நான் சொல்வதைக் கேள். கோபம் வரும், வரட்டும். ஜூலையிலிருந்து நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். தபால் விமானம் ஓட்டும் ஹார்லன்தான் சொல்லிக்கொடுக்கிறார். போய்க் கேட்டபோது, ‘எதுக்கும்மா உனக்கு இந்த வம்புன்னு கேட்டிருப்பேன். உன் புருஷன் எறங்கின லட்சணத்தப் பாத்தேனே, அதான் கேக்கல. ஏறு’ என்றார். போன வாரம் தனியாக மேலே போய் வந்தேன். இறங்கினதும் ஹார்லன் என் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, தேதி எழுதி, விமானக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்துவிட்டார், முதல்முறை தனியாகப் பறந்தவர்களுக்கு அதுதான் வழக்கமாம். நல்ல சட்டை. அனுஸ்கா இன்னும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால், நீ ‘எருமை மாதிரி இருக்கு’ என்று ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளிய அந்த நாலு இருக்கை விமானத்தைப் போய் மறுபடி பார். ஆலங்கட்டி மழையில் இறக்கை சொட்டை விழுந்திருக்கிறதாம், உள்ளே எலி நாற்றமாம். சொட்டை பரவாயில்லை. எலியைச் சும்மா விடாதே. இருக்கைகளைத் தூக்கிவிட்டு அடிவயிற்றைத் திறந்து பார், எலி மூத்திரம் தகரத்தைத் தின்றுவிடும். இறக்கைக்குள்ளும் விளக்கடித்துப் பார். வாலுக்குள் துரு இருக்கிறதா என்று தலையை விட்டுப் பார், விற்கிறவன் சொல்வதை நம்பாதே. எல்லாம் சரியாக இருந்தால் அதை வாங்கு.

பெரிய டயர் போட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. போடு. மெதுவாகப் பறப்பதற்கு இறக்கையில் ஒட்டுவாயே அந்தச் சின்னத் தகடுகள், அதையும் ஒட்டு. கம்பளத்தைப் பிய்த்து எறி, சாம்பல் கிண்ணத்தைப் பிடுங்கு, மூட்டை வைக்கக் கதவைப் பெரிதாக வெட்டு. வலதுபக்க ஸ்டியரிங்கில் மட்டும் கை வைத்தாயோ, பார்த்துக்கொள். நான் உட்காரும் பக்கம் பிரேக் மிதியும் வேண்டும். அதில் இல்லையென்றால் வைத்துத் தரச் சொல். எடை கூடும் என்று ஆரம்பிக்காதே. உன் தொந்தியைக் குறை, சரியாகிவிடும்.

லுகேரியாவிடம் சொன்னேன், என் பக்கத்திலும் எல்லாம் இருக்கும் என்று. ‘நீங்க வேணாம்னு சொன்னா அப்பா கேப்பாரா?’ என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவளுக்கு நீயே தனியாக ஒரு கடிதம் எழுது. அதில் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது.

மஞ்சள் கொசுவோடு வந்தால் நேரே உன் அண்ணன் வீட்டில் போய் இறங்கு, கைதட்ட ஆள் இருக்கும். நாங்கள் வாசலுக்குக்கூட வரமாட்டோம். மற்றதோடு வந்தால், வருகிற வழி கனடா மலையெல்லாம் தாண்டி ரொம்ப தூரம். கணவாயில் மேகம் இறங்கியிருந்தால் உன் வீரத்தைக் காட்டாதே, திரும்பிப் போய் எங்காவது படுத்துத் தூங்கு. ஒரு வாரம் ஆகட்டும், ஒரு மாதம் ஆகட்டும். உனக்காகத் தினமும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏற்றுகிறேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தக் குளிர்காலத்தில் தீராது கெராசிம். முழுக்கச் சண்டை போட்டுத் தீர்க்க நீ எனக்கு உயிரோடு வேண்டும்.

இன்னும் உன் மனைவிதான்,
பெலகேயா